இடிதாங்கி

'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பயணம் விசித்திரமானது. மேற்கிந்தியாவில் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு வழங்கிய ஒரு சொல்லும், போர்த்துக்கேயர் குளத்துக்கு வழங்கிய ஒரு சொல்லும் கலந்து அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது என்பர் அகராதி ஆசிரியர்கள். இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் அதற்குக் குளம் என்றே பொருள். மின்னேரியாவும் கலாவாவியும் ஆங்கில வரைபடங்களில் டாங்க்குகள்தாம். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியர் இரும்புக் கவசமிட்ட ஊர்தியொன்றை இரகசியமாகச் செய்தார்கள். செய்தி வெளியே கசியாதிருக்க, அது தண்ணீர் கொண்டுசெல்லும் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சோம் போர்முனையில் அது முதன்முதலாகக் களமிறங்கியபோது, பொய்ப்பெயரே மெய்ப்பெயராக நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அதை 'டாங்கி' என்று எழுதின. ஈழத்துப் பத்திரிகைகளில் நாங்கள் 'யுத்த தாங்கி' என்று எழுதினோம். ஒலியை ஒட்டி அமைந்த பெயர்தான். ஆயினும் 'தாங்கி' என்று எழுதியதுமே அது நல்ல தமிழ்ச் சொல்லாகிவிடுகிறது. தாங்குவது எதுவோ அது தாங்கி. சுமைதாங்கி, இடிதாங்கி என்று நமக்கு ஏற்கெனவே உறவினர்கள் உண்டு. தண்ணீர்த் தொட்டியாகப் பிறந்து, போர் ஊர்தியாக வளர்ந்த அந்தச் சொல், இப்போது இணையத்தில் பலர் கூடி வேடமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளில் ஒரு பாத்திரத்தின் பெயராக வாழ்கிறது. கூட்டத்தின் முன்னால் நின்று, எதிரியின் அடியெல்லாவற்றையும் தன் மேல் ஏற்கும் பாத்திரம் அது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியவன் அக்கரப்பத்தனையில் தோட்டமொன்றில் வாழும் என் தங்கையின் பேரன். உயர்தர வகுப்பு மாணவன். பத்திரிகையில் கணினிப் பக்கத்தைச் சில காலம் கவனித்தவன் என்ற ஒரே காரணத்தால், இத்தகைய விடயங்களில் என்னை அவன் நிபுணன் என்று நம்புகிறான். அவனும் நண்பர்கள் நால்வரும் இரவில் கைப்பேசியில் கூடி ஆடுகிறார்கள். "தாத்தா, நம்ம ஆளு டாங்க். அடி வாங்குற ஆளு. பொயின்ட் இருபது சும்மா கிடக்குது. எந்த ஸ்கில்லுக்குப் போடுறது? பிழையாப் போட்டா அஞ்சு பேரும் செத்துருவோம். எல்லாரும் என்னையத்தான் ஏசுறாங்க. பேசாம வேற ஆளா மாறிடலாம்னு இருக்கு" என்றான்.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்த இருபது புள்ளிகளை எங்கே இடுவது என்பதை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக விவாதித்து வந்திருக்கிறார்கள். அந்த விவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறியாமல் பதில் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். அவனுக்கு அன்று ஒரே வரியில்தான் விடை சொன்னேன்: "தோலைத் தடிப்பாக்காதே, முதலில் எதிரி உன்னையே பார்க்கும்படி செய்." ஏன் அப்படிச் சொன்னேன் என்பதே இங்கே எழுதுவது.

*

முன்னால் நின்று தாங்குபவனைப் பற்றிய சிந்தனை நமக்குப் புதிதன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில், 767ஆம் குறளில், பகைவரின் முன்னணிப் படையைத் தாங்கி முன்னேறுவதே படை என்கிறார் வள்ளுவர். ஒன்றே முக்கால் அடிக்குள் 'தாங்கு' என்னும் வினையை இரண்டு முறை ஆள்கிறார். வந்த போரின் தன்மையை அறிந்து தாங்க வேண்டும் என்றும் நிபந்தனை இடுகிறார். சும்மா நின்று அடிவாங்குவதைப் பற்றி அவர் பேசவில்லை.

தொல்காப்பியத்தின் புறத்திணையியல் இன்னும் நுட்பமானது. தும்பைத் திணையின் துறைகளுள் தார்நிலை என்று ஒன்று. பகைவர் தம் வேந்தனை மொய்த்துக்கொண்ட வேளையில், வேறிடத்தில் பொருதுகொண்டிருந்த ஒருவன் மீண்டு வந்து அவர்களை எறிவது தார்நிலை. மற்றொரு துறை, உடைந்து ஓடும் தன் படையின் பின்னணியைத் தனியொருவனாக நின்று தாங்குவது. புறப்பொருள் வெண்பாமாலை இதற்கு 'எருமை மறம்' என்று பெயரிடுகிறது. சிங்கத்தையும் புலியையும் விட்டுவிட்டு எருமையைத் தேர்ந்த அந்தக் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும். எருமை துரத்தாது, நகராது. (வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட் என்னும் விளையாட்டில் மாட்டுத் தலையும் கொம்பும் கொண்ட டோரன் என்றோர் இனம் உண்டு. கூடுதல் உயிர்வலிமை அதன் பிறவிக் குணம். அதனால் தாங்கியாக ஆடுவோர் பலர் அந்த இனத்தை விரும்பிக் கொண்டார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் புறப்பொருள் வெண்பாமாலை படித்திருக்க வாய்ப்பில்லை!)

தார்நிலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினியில் தாங்கியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

*

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கணினி இல்லை, தாள், பென்சில், பகடை, மேசையைச் சுற்றி நண்பர்கள். ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்பார். முதற் பதிப்பில் வேடங்கள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. போர்வீரனுக்குக் கவசமும் உயிர்ப்புள்ளிகளும் மிகுதி. மந்திரவாதி வல்லவன், ஆனால் மெலிந்தவன். மதகுரு காயத்தை ஆற்றுவார்.

அங்கே மந்திரவாதியைக் காத்தது நிலவறையின் குறுகிய பாதை. வீரன் பாதையை அடைத்து நின்றால் அரக்கனால் அவனைத் தாண்ட முடியாது. வெளியான இடத்தில் அரக்கன் யாரை அடிப்பான் என்பதை மேசைத் தலைமையில் அமர்ந்திருக்கும் நடுவர் முடிவுசெய்வார். அவர் மனிதர், நியாயம் பார்ப்பார், கதை பார்ப்பார், சில வேளை நண்பர்மீது இரக்கமும் காட்டுவார். எனவே 'அடியைத் தன் பக்கம் திருப்பும் திறன்' என்று தனியாக ஒன்று அங்கே தேவைப்படவில்லை.

கணினியில் நடுவர் இல்லை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் ஆகிய மாணவர்கள் பலர் ஒரே வேளையில் நுழைந்து ஆடக்கூடிய, எழுத்துகளால் மட்டுமே ஆன உலகொன்றைச் செய்தார்கள். 'மட்' என்று பெயர். அவ்வகை உலகங்கள் பெருகின. 1991இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர்கள் ஐவர் 'டிக்குமட்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். நம் வரலாற்றுக்கு இதுவே முதற் கல்வெட்டு. இதில் படம் இல்லை, பாதையை அடைத்து நிற்கவும் முடியாது. அரக்கன் தன்னோடு சண்டையைத் தொடங்கியவனையே அடித்துக்கொண்டிருப்பான். அந்த ஆள் மெலிந்த மந்திரவாதியாக இருந்துவிட்டால் கதை முடிந்தது. ஆகவே வீரனுக்கு ஒரு கட்டளையைக் கொடுத்தார்கள். 'காப்பாற்று' என்று தட்டச்சுச் செய்து நண்பனின் பெயரை இட்டால், வீரன் இடையில் பாய்ந்து, நண்பனை மொய்த்த எதிரியைத் தன் மேல் திருப்பிக்கொள்வான்.

இது தார்நிலை. வேறொன்றுமில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவசம் 1974இலேயே இருந்தது. ஆனால் கவசமணிந்தவன் வெறும் கவசமணிந்தவனாகவே இருந்தான். 'காப்பாற்று' என்னும் கட்டளை வந்த பிறகே, பிறர் அடியைத் தன் அடியாக்கிக்கொள்ளும் வேடம் ஒன்று கணினியில் உருவாயிற்று.

*

1999 மார்ச் 16ஆம் திகதி 'எவர்குவெஸ்ட்' வெளியாயிற்று. முப்பரிமாணப் படங்களோடு ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் திரிந்த விளையாட்டு. அதன் நடைமுறை டிக்குமட்டை அவ்வளவு ஒத்திருந்தது. அங்கிருந்து நிரலை எடுத்தார்களோ என்ற பேச்சு எழுந்து, 2000ஆம் ஆண்டில் அதைச் செய்தவர்கள் அப்படி எடுக்கவில்லை என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியதாயிற்று.

எவர்குவெஸ்ட்டில் ஒவ்வோர் அரக்கனின் நினைவிலும் ஒரு வெறுப்புப் பட்டியல் இருந்தது. யார் எவ்வளவு அடித்தார், யார் எவ்வளவு காயம் ஆற்றினார் என்று ஒவ்வொருவருக்கும் எதிரே ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். பட்டியலில் மேலே இருப்பவர் மேல் அடி விழும். களைப்பாற உட்கார்ந்தவர் மேல் கூட வெறுப்புக் கூடிற்று. மந்திர வலிமையை மீட்டுக்கொள்ள ஓரமாக அமர்ந்த அப்பாவி அடிபட்டுச் செத்த கதைகள் ஏராளம். வீரனுக்குச் 'சீண்டல்' என்ற திறன் கிடைத்தது. சீண்டினால், பட்டியலில் வீரனின் பெயர் மேலே ஏறும்.

ஆத்திரத்துக்கு எண் கொடுத்தது அதுவே. அந்த எண்ணைத் தன் பெயருக்கு எதிரே வைத்திருப்பதுதான் தாங்கியின் தொழில். அடியைத் தாங்குவது அதன் விளைவு மட்டுமே. மலைபோல் உடம்பு இருந்து என்ன பயன், அரக்கன் அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நிற்கும் வைத்தியனை அடித்தால்?

இதனால்தான் இவ்வேடத்துக்கு இடிதாங்கி பொருத்தமான உவமை என்கிறேன். அக்கரப்பத்தனை, டயகம, ஹோல்புரூக் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலில் மலைமுகட்டில் இடி இறங்கும் விதத்தை அவர்கள் அறிவார்கள். இடிதாங்கி தடித்த பொருளன்று; ஒரு கம்பி. கட்டடத்தைவிட உயரமாக நிற்பது அதன் முதல் தகுதி. விழுந்ததைப் பூமிக்குக் கடத்தும் கம்பி ஒன்று அதன் அடியில் இருப்பது இரண்டாம் தகுதி. விளையாட்டில் அந்த நிலக்கம்பி, பின்னால் நின்று ஓயாது காயம் ஆற்றும் வைத்தியர். அவர் அறுந்தால் தாங்கி சில நொடிகளில் கருகிப்போவான். உயரம், நிலத்தொடர்பு இவை இரண்டும் அமைந்த பின்பே உலோகத்தின் தடிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

*

இனிப் புள்ளிகளுக்கு வருவோம். 2004 நவம்பர் 23ஆம் திகதி வெளியான வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட், திறன்தேர்வை ஒரு கலையாகவே ஆக்கிற்று. வீரனுக்கு மூன்று திறன்மரங்கள்: ஆயுதம், வெறி, காப்பு. பத்தாம் படியிலிருந்து படிக்கொரு புள்ளி; அறுபதாம் படியில் 51 புள்ளிகள். எல்லாத் திறனையும் வாங்கப் போதாது. ஒன்றை எடுத்தால் மற்றொன்றைக் கைவிட வேண்டும். தோட்டத்துக் குடும்பத்தில் சம்பள நாளன்று நடக்கும் கணக்குத்தான்.

புதிதாக வருபவர் காப்பு மரத்தைக் கண்டதும் கவசம் கூட்டும் திறனில் ஐந்து, கேடயத் திறனில் ஐந்து, தற்காப்பில் ஐந்து என்று அள்ளிக் கொட்டுவார். அனுபவசாலி வேறொன்றைத் தேடுவார்: 'டிஃபையன்ஸ்'. ஐந்து புள்ளிகள் இட்டால், தற்காப்பு நிலையில் நிற்கும் வீரன் உண்டாக்கும் வெறுப்பு 15 வீதம் கூடும். உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆனால் அதைக் கொண்ட வீரனின் நண்பர்கள் கூடுதல் வலுவோடு அடிக்கலாம், அரக்கன் திரும்பான். எதிரியின் அருகே நின்று அடிப்பவர், தாங்கியின் வெறுப்பெண்ணில் 110 வீதத்தைத் தாண்டினால்தான் அரக்கன் அவர் பக்கம் திரும்புவான். தூரத்தில் நிற்பவருக்கு 130 வீதம். இந்த எண்களை நிறுவனம் அறிவிக்கவில்லை. ஆட்டக்காரர்களே அடித்து, எண்ணி, எழுதிவைத்துக் கண்டுபிடித்தார்கள். வேலை நேரத்தில் செய்திருந்தால் ஆய்வுப் பட்டமே கிடைத்திருக்கும்.

வெறுப்புக்கு அடுத்தபடியாக வருவது, பெருங்கேட்டைத் தடுப்பது. மூன்று படி மேலான தலைமை அரக்கனின் அடியில் நூற்றுக்கு 5.6 அடிகள் இரட்டை வலுவோடு விழுந்தன. வைத்தியர் ஓர் அடிக்கு ஆயத்தமாக இருப்பார். இரண்டு அடி ஒன்றாக விழுந்தால் அவரால் இயலாது. வீரனின் தற்காப்பு எண் 300க்கு மேல் கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த வாய்ப்பு 0.04 வீதம் குறைந்தது. கணக்குப் போட்டால் 140 புள்ளிகள் வேண்டும். ஆகவே 440 என்பது அக்காலத் தாங்கிகளின் மந்திர எண்ணாயிற்று. 2007இல் எழுபது படி வந்தபோது அது 490; 2008இல் எண்பது படி வந்தபோது 540. 2010இல் அந்தத் தற்காப்பு எண்ணையே நீக்கிவிட்டார்கள்.

மூன்றாவது, உடம்பின் மெய்யான வலு. இங்கேதான் பலர் வழிதவறுவர். அடியை விலகித் தப்பும் திறன் கவர்ச்சியானது. அடி படாதிருப்பது யாருக்குத்தான் பிடிக்காது? நூற்றுக்கு 30 அடிகளை விலக்கும் வீரன் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து நான்கு அடிகளும் அவன் மேல் விழும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஓரிரவில் நூற்றுக்கணக்கான அடிகளை ஏற்பவனுக்கு நான்கில் ஒன்று என்பது பலமுறை வரும். அவன் சாவது சராசரி நாளில் அன்று, அந்த நாலடி நாளில். கவசம் அப்படிச் சூதாடாது. 10,000 உயிர்ப்புள்ளி உள்ளவன் கவசத்தால் அடியில் 70 வீதத்தைக் குறைத்தால், 33,333 அளவுள்ள அடியைத் தாங்குவான். 75 வீதத்தைக் குறைத்தால் 40,000. ஐந்தே வீத வேறுபாடு அவனுடைய வலுவை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிவிடுகிறது. உச்சத்தை நெருங்க நெருங்கக் கவசம் இலாபம் தரும் பொருள். (75 வீதத்துக்கு மேல் அந்த விளையாட்டு அனுமதிப்பதில்லை; இல்லாவிட்டால் யாரும் சாகவே மாட்டார்கள்.)

இவற்றுக்கெல்லாம் பிறகு, அவசரத்துக்கு வைத்திருக்கும் திறன்கள். கேடயச் சுவர்: பத்து நொடிகளுக்கு அடியில் முக்கால் பங்கு குறையும், ஆனால் அரை மணிக்கு ஒருமுறைதான். இறுதி நிலை: இருபது நொடிகளுக்கு உயிர் 30 வீதம் கூடும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. வள்ளுவர் சொன்ன 'தன்மை அறிதல்' இங்கேதான் வேலைக்கு வருகிறது. அரக்கன் எப்போது பேரடி அடிப்பான் என்று அறிந்து, அதற்கு ஒரு நொடி முன்னதாக அழுத்த வேண்டும். அடி விழுந்த பிறகு அழுத்துவது, மாடு ஓடிய பிறகு பட்டியை அடைப்பது.

இந்த விளையாட்டின் மிகச் சுவையான முரண் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வீரனின் திறன்களுக்கு எரிபொருள் அவனுடைய சினம். சினம் எப்படி வரும்? அடித்தாலும் வரும், அடிபட்டாலும் வரும். மிகச் சிறந்த கவசங்களைத் தேடிச் சேர்த்த வீரனுக்கு அடியே உறைக்காது; உறைக்காததால் சினம் வராது; சினம் இன்றிச் சீண்டவும் மோதவும் இயலாது; அரக்கன் திரும்பிப் பின்னால் நிற்பவரை அடிக்கப் போய்விடுவான். காப்பு முற்றி, காவல் கெட்டது. 2019 ஓகஸ்ட்டில் பழைய விளையாட்டை அதே வடிவில் மீண்டும் வெளியிட்டபோது, பதினைந்து ஆண்டு அனுபவத்தோடு திரும்பிய ஆட்டக்காரர்களுள் பலர், டிஃபையன்ஸ் கிடைக்கும் அளவுக்கு மட்டும் 15 புள்ளிகளைக் காப்பு மரத்தில் இட்டு, மீதியைத் தாக்குதலுக்கே கொடுத்தார்கள். 2004இல் அப்படிச் செய்திருந்தால் நண்பர்கள் பைத்தியம் என்று ஏசியிருப்பார்கள்.

கொரிய விளையாட்டான ரக்னராக், 2002இல் வெளியானது, வேறொரு வழியைக் கண்டது. அதில் குருசேடர் என்ற வேடத்துக்கு 'டிவோஷன்' என்றொரு திறன். நண்பரோடு ஓர் இழையைக் கட்டிக்கொண்டால், அந்த நண்பருக்கு விழும் அடி குருசேடரின் உடம்பில் இறங்கும். எதிரியைத் திருப்ப வேண்டியதே இல்லை. அரக்கன் யாரை வேண்டுமானாலும் அடிக்கட்டும். அந்த வேடத்துக்கு உள்ள 49 புள்ளிகளில் பல, டிவோஷனை அடைவதற்கான முன்திறன்களிலேயே கரைந்துபோகும். இது இடிதாங்கி வகையன்று, சுமைதாங்கி வகை. நம் ஊர்ப் பாதையோரத்துச் சுமைதாங்கிக் கல்லுக்கு யாரையும் சீண்டத் தெரியாது. வருகிறவர் தலைச்சுமையை இறக்கி வைக்கலாம், அவ்வளவே. அத்தகைய கற்கள் பல, வயிற்றுச் சுமையோடு இறந்த கர்ப்பிணிப் பெண்களின் நினைவாக நடப்பட்டவை. கொரியருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை; ஆயினும் டிவோஷன் வேடத்தின் சாயல் அதுதான்.

*

பேரன் சொன்னவற்றுள் என்னை உறுத்தியது திறனைப் பற்றிய கேள்வியன்று. "எல்லாரும் என்னையத்தான் ஏசுறாங்க" என்ற வாக்கியம்.

வோர்க்ராஃப்ட் ஆட்டக்காரர்கள் மிக விரைவிலேயே அளவுகருவிகளை எழுதிக்கொண்டார்கள். யார் எவ்வளவு அடித்தார் என்று வரிசைப்படுத்திக் காட்டும் சிறு நிரல்கள். வைத்தியர் ஆற்றிய காயமும் அதில் வரும். தாங்கி பெரும்பாலும் அடியிலிருந்து எண்ண வேண்டிய இடத்தில் இருப்பார். அவரால் நடக்காமற்போன சாவுகளை எந்தக் கருவியும் எண்ணவில்லை. எண்ணவும் முடியாது. பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்காளரின் நிலை இதுவே. ஆயிரம் பிழைகளைப் பிடித்த இரவில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒரு பிழை தப்பிய காலையில் எல்லோரும் சொல்வார்கள். நாற்பது ஆண்டுகள் அந்த மேசைகளுக்கு அருகில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது இன்னும் நன்றாக விளங்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிற்சங்கத்தின் சார்பில் ஒரு தலைவர் இருப்பார். துரையின் கந்தோருக்குப் படியேறிப் போய், நூறு பேரின் முறைப்பாட்டைத் தம் வாயால் சொல்லி, அந்தக் கோபத்தைத் தம் மேல் வாங்கிக்கொண்டு இறங்குவார். பேச்சு வென்றால் சங்கம் வென்றது. தோற்றால் தலைவர் தோற்றார். மலையகத்தில் முன்னால் நின்றவர்களின் கணக்கு இரத்தத்தில் எழுதப்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் வீழ்ந்தார். 1956இல், அக்கரப்பத்தனைக்கு அடுத்த டயகமவில், ஏப்ரகாம் சிங்கோ. பெயரிலிருந்தே தெரியும், அவர் தமிழரல்லர். தமிழ்த் தொழிலாளர் போராட்டத்தில் உயிர்விட்ட சிங்களவர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்துத் திரண்டவர்களுள் சிவனு லெட்சுமணன். விளையாட்டில் செத்தவன் மயானத்தில் எழுந்து மறுபடி ஓடிவருவான். ஒப்பிடுவது தகாது என்று சொல்வோர் சொல்லட்டும். அவனுடைய கைப்பேசித் திரைக்கும் டயகமப் பாதைக்கும் நடுவே ஒரு மலைதான் இருக்கிறது. இரண்டையும் ஒருவனே பார்க்கிறான்.

தோட்டத்துக் கூத்தில் பொன்னர்-சங்கர் பார்த்தவர்களுக்கும் ஒன்று நினைவிருக்கும். சீற்றம் மிக்க இளையவர் சங்கர் களத்தில் இறங்கினால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். பொறுமைசாலியான மூத்தவர் பொன்னருக்கு அந்த ஆரவாரம் இல்லை. வேடம் கட்டச் சிறுவர்களைக் கேட்டால் எல்லோரும் சங்கர் என்றே சொல்வார்கள்.

*

வேடத்துக்கு ஆள் கிடைக்காத இந்தச் சிக்கலை இணைய விளையாட்டுகளும் சந்தித்தன. 2009 டிசம்பரில் வோர்க்ராஃப்ட்டில், முன்பின் அறியாதவர்களைக் கணினியே ஐவராகச் சேர்த்துவிடும் வசதி வந்தது. ஒரு தாங்கி, ஒரு வைத்தியர், மூன்று அடிப்பவர். அடிப்பவர்கள் வரிசையில் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். தாங்கிக்கு உடனே அழைப்பு வந்தது. இருந்தும் எவரும் தாங்கியாக மாற விரும்பவில்லை. அறியாதவர் நால்வரின் முன்னே பிழைவிட்டு ஏச்சு வாங்குவதைவிட, வரிசையில் காத்திருப்பது மேல் என்று எண்ணினார்கள். 2011 ஏப்ரலில் நிறுவனம் ஒரு வழி கண்டது: அந்நேரம் தட்டுப்பாடான வேடத்தை ஏற்பவருக்குத் தனியாக ஒரு பரிசுப் பை. அந்த வேடம் பெரும்பாலும் தாங்கியாகவே இருந்தது. கொழுந்து மிகுந்த காலத்தில் ஆள் போதாமல் தோட்டத்தில் மேலதிகக் கிலோவுக்குக் காசு கொடுப்பதை வாசகர்கள் நினைத்துக்கொண்டால் தவறில்லை.

வேறு சிலர் அந்த வேடத்தையே ஒழிக்க முயன்றார்கள். 2012 ஓகஸ்ட்டில் வெளியான 'கில்ட் வோர்ஸ் 2' தாங்கி, வைத்தியர் என்ற பிரிவினையே வேண்டாம் என்றது. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். தமக்கு வரும் அடியைத் தாமே உருண்டு விலக வேண்டும். கேட்க நன்றாக இருந்தது. நிலவறைகளில் நடந்ததோ, எல்லோரும் ஒரே மூலையில் குவிந்து நின்று கண்மூடித்தனமாக அடிப்பது. 2015 நவம்பரில் அதே விளையாட்டில் பத்துப் பேர் கூடித் தாக்கும் பெருஞ்சமர்கள் சேர்க்கப்பட்டன. முதல் பெரும் எதிரியான 'வேல் கார்டியன்', களத்தில் உடல் உறுதி எண் மிகுந்தவர் யாரோ அவரைத் தேடிப் பின்தொடரும்படி அமைந்திருந்தது. யாரேனும் ஒருவர் அந்த எண்ணை வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு, அதைக் கூட்டத்திலிருந்து விலக்கி, களத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வாசல் வழியே அனுப்பிய தாங்கி, மூன்றாண்டில் கூரை வழியே இறங்கிவிட்டான்.

பேரனின் இருபது புள்ளிகளுக்கு நான் சொன்ன பங்கீட்டையும் இங்கே குறித்துவிடுகிறேன். அதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம். சீண்டலுக்கும் வெறுப்பைக் கூட்டுவதற்கும் எட்டு. தூரத்தில் அடிபடும் நண்பனிடம் பாய்ந்து சேரும் திறனுக்கு நான்கு. தார்நிலைக்குக் கால் வேண்டும். இரட்டை அடியைத் தடுக்க மூன்று. கவசத்துக்கு மூன்று. அவசரத் திறன் ஒன்றுக்கு இரண்டு. விலகித் தப்புவதற்கு ஒன்றும் வேண்டாம். வைத்தியராக ஆடுபவன் எவனோ அவனை ஆட்டத்தில் தனக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும்படியும், அவனோடு ஒருபோதும் சண்டை பிடிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். "அவன்தான் தாத்தா என்னைய ரொம்ப ஏசுறது" என்றான்.